கை ஓடாத நாட்கள்: ஓவியருக்குத் தேக்கம் ஏன் வருகிறது, எப்படிப் போகிறது

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514ஆம் ஆண்டு செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று இருக்கிறது. 'மெலன்கோலியா 1' என்று பெயர். ஒரு நோட்டுப் புத்தக அட்டை அளவுதான் இருக்கும். அதில் சிறகு முளைத்த ஒரு பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் ரம்பம், இழைப்புளி, ஆணிகள். பின்னால் சுவரில் தராசு, மணல் கடிகாரம், மணி. மடியில் கிடக்கும் கையில் கவராயம்கூட இருக்கிறது. ஆனால் எதையும் அளக்கவில்லை. பார்வை எங்கோ போய்க் குத்திட்டு நிற்கிறது. கருவி இருக்கிறது, தொழில் தெரியும், நேரமும் இருக்கிறது. வேலை மட்டும் நடக்கவில்லை.

வரைகிறவர்கள் இன்றைக்கு 'ஆர்ட் பிளாக்' என்று சொல்வது இதைத்தான். 'கை வரமாட்டேங்குது', 'ஒண்ணுமே தோணமாட்டேங்குது' என்று புலம்புவதும் இதைத்தான். நான் தேக்கம் என்றே சொல்கிறேன். தண்ணீர் வற்றிப்போனால் அதை யாரும் தேக்கம் என்பதில்லை. தண்ணீர் இருந்து, போக வழியில்லாமல் நின்றால்தான் தேக்கம். இந்த வேறுபாடு பின்னால் நமக்குப் பயன்படும்.

முதலில் சோம்பலையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சோம்பலாக இருப்பவருக்கு வரையாததில் வருத்தமே கிடையாது. அவர் பாட்டுக்குத் தூங்குவார். தேக்கத்தில் மாட்டியவர் ஸ்கெட்ச்புக்கைத் திறக்கவும் மாட்டார், மூடி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் மாட்டார். பென்சில் சீவுவார். மேஜையைத் துடைப்பார். பிரஷ்களை அளவு வாரியாக அடுக்குவார். ஒரு கோடு போட்டு அழிப்பார், அதே இடத்தில் அதே கோட்டைப் போட்டு மறுபடி அழிப்பார், கடைசியில் தாள் அந்த இடத்தில் மட்டும் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். உட்கார்ந்தால் வரவில்லை, எழுந்தால் உறுத்துகிறது.

இதை யாரிடமாவது சொன்னால் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். ஒருவர், 'சித்திரமும் கைப்பழக்கம், தினமும் போட்டுக்கிட்டே இரு' என்பார். இன்னொருவர், 'கொஞ்ச நாள் விட்டுடு, தானா வரும்' என்பார். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே நல்ல மருந்துதான், ஆனால் வேறு வேறு நோய்க்கு. களைத்துப்போனவரைத் தினமும் வரையச் சொன்னால் இருக்கிற கொஞ்சநஞ்ச ஆசையும் போய்விடும். பயந்துபோனவரை ஓய்வெடுக்கச் சொன்னால் அந்தப் பயம் வட்டி போட்டு வளரும். தலைவலி என்று வந்தவரிடம் தூங்கினாயா, சாப்பிட்டாயா, கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்று ஒன்றும் கேட்காமல் மாத்திரையை நீட்டுவது மாதிரிதான் இது.

தேக்கம் என்பது ஒரே பெயரில் உலவும் நாலைந்து தனித்தனிச் சங்கதிகள். உங்களுடையது எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் என்னுடையதைத் தப்பாகக் கணித்து ஏழு மாதம் வீணாக்கியவன். அந்தக் கதை அப்புறம்.

கண் ஒரு அடி முன்னால்

வரைய ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வரையக் கற்றுக்கொள்ளும்போது வளர்வது ஒரு திறமை அல்ல, இரண்டு. கண் தனியாகத் தேறுகிறது, கை தனியாகத் தேறுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஒரு தப்பைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்கு ஒரு நாள் போதும். அந்தத் தப்பைச் செய்யாமலிருக்கப் பழகக் கைக்குப் பல வாரம் ஆகும்.

முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக முகம் வரைகிறவர்கள் கண்களைத் தூக்கி மேலே வைப்பார்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்து பார்த்தால், கண் இருப்பது ஏறத்தாழ சரிபாதியில். ஆனால் நாம் ஒருவரைப் பார்க்கும்போது கவனிப்பது கண், மூக்கு, வாய். நெற்றியிலும் முடியிலும் பார்க்க என்ன இருக்கிறது என்று மனசு அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறது. இது தெரியாதவரை ஒருவர் சந்தோஷமாக ஐம்பது முகம் போட்டிருப்பார். ஒரு நாள் யாரோ இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அன்று ராத்திரி பழைய ஸ்கெட்ச்புக்கைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் மண்டையின் மேல்பாதி சீவப்பட்ட மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று வரை அதே முகங்கள் நன்றாகத்தான் இருந்தன.

மறுநாள் புதிதாக ஒரு முகம் போட உட்காருகிறார். கை பழைய பழக்கத்தில் கண்ணை மேலேதான் வைக்கிறது. கண் உடனே 'தப்பு' என்கிறது. அழித்துவிட்டு இறக்கிப் போட்டால் இப்போது மூக்குக்கு இடம் போதவில்லை. மறுபடி அழிக்கிறார். ஒரு மணி நேரம் இப்படிப் போனதும், 'ஒரு வருஷமா வரையறேன், முன்னைக்கு இப்ப மோசமாயிட்டேன்' என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார். நடந்தது முன்னேற்றம். அது இப்படித் தோல்வி வேஷம் கட்டிக்கொண்டு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை, அதுதான் கொடுமை.

உங்களுக்கு வந்திருப்பது இதுதானா என்று பார்க்க, ஒரு வருடம் பழைய படம் ஒன்றை எடுங்கள். அன்றைக்குப் பிடித்திருந்தது இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறதா? எங்கே சறுக்கியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடிந்தால் கண் முன்னால் போய்விட்டது. இன்னொரு அடையாளம் பொறாமை. அடுத்தவர் போட்ட நல்ல படத்தைப் பார்த்து வயிறு எரிந்தால் வெட்கப்பட வேண்டாம். ஆசை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இந்த வகைக்கு ஓய்வு உதவாது. எத்தனை நாள் விட்டு வைத்தாலும் கை அதே இடத்தில்தான் நிற்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்பது இந்த இடத்துக்கென்றே சொன்ன வாக்கு. ஆனால் வரைய வேண்டியது படம் அல்ல, பயிற்சி. முகத்தின் அளவுதான் இடிக்கிறதென்றால் ஒரு முட்டை வடிவம், நடுவில் ஒரு குறுக்குக்கோடு, அந்தக் கோட்டிலேயே இரண்டு கண், அவ்வளவுதான். இமைமுடி வேண்டாம், நிழல் வேண்டாம், யார் சாயலும் வேண்டாம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு முட்டை. ஒரு வாரம் போனால் கை கேட்காமலே கண்ணை இறக்கி வைக்கும்.

நிழல்தான் பிரச்சினை என்றால் அளவை மறந்துவிடுங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் கரைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள் மட்டும் தெரியும். அந்த மூன்றையும் மூன்று சாம்பல் நிறத்தில் நிரப்பினால் அன்றைய வேலை முடிந்தது. ஒரு நேரத்துக்கு ஒரு தப்பு. இரண்டாவது தப்பு கண்ணில் பட்டாலும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு எரிச்சல்.

மற்றவர் படத்தைப் பார்த்து வரைவதும் இங்கே நல்ல துணை. 'காப்பி அடிக்கிறோமே' என்று கூச வேண்டாம். வின்சென்ட் வான் கோ 1889, 1890ல் சென்ட்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது மில்லே, டெலக்ரோவா என்ற பிரெஞ்சு ஓவியர்களின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து, அவற்றை வண்ணத்தில் தீட்டினார். மில்லேவைப் பார்த்து மட்டும் இருபது போல. 'என்ன வரைவது' என்ற சுமையை மூல ஓவியரே சுமந்துவிடுகிறார். 'எப்படி' மட்டும் நம் கைக்கு வருகிறது. பாரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

வற்றிய கிணறு

இரண்டாவது ரகம், கறாராகச் சொன்னால், தேக்கமே இல்லை. வற்றல். ஒரு கண்காட்சிக்கோ தேர்வுக்கோ பெரிய கமிஷன் வேலைக்கோ (ஒருவர் கேட்டபடி காசுக்கு வரைந்து கொடுப்பது) இரண்டு மாதம் ராப்பகலாக உழைத்து, முடித்துக் கொடுத்த கையோடு வரும். இதில் பொறாமைகூட வராது. எவ்வளவு பிரமாதமான படத்தைக் காட்டினாலும் 'ம், நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்ளத் தோன்றும். கண்ணுக்கே பசி இல்லை. இவருக்கு முப்பது நாள் சவால், தினசரிப் பயிற்சி எல்லாம் விஷம். விடுமுறைதான் மருந்து.

அக்னஸ் மார்ட்டின், மெல்லிய பென்சில் கோடுகளால் கட்டம் கட்டமாக வரைந்த அமெரிக்க ஓவியர். பெயர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 1967ல், நியூயார்க்கை விட்டுக் கிளம்பிவிட்டார். சில ஆண்டுகள் ஓவியமே தீட்டவில்லை. பிறகு நியூ மெக்சிகோவில் 1970களில் மறுபடி ஆரம்பித்து, 2004ல் 92 வயதில் காலமாகும் வரை, இடையில் நின்ற காலத்தைப் போலப் பல மடங்கு காலம் வரைந்தார். எல்லோருக்கும் வருடக்கணக்கில் ஆக வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரம் போதும், அந்த இரண்டு வாரத்தை மனசாட்சி குத்தாமல் எடுத்துக்கொண்டால்.

விடுமுறை ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1926ல், புதிய எண்ணம் பிறப்பதை நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, அடைகாத்தல், பளிச்சிடல், சரிபார்த்தல். நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது. அடைகாக்கும் கோழி சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். ஆனால் கீழே முட்டை இருக்க வேண்டும். உழைத்துக் களைத்தவருக்கு ஓய்வு பலன் தருகிறது, எதையும் தொடங்காமலே ஓய்வெடுப்பவருக்குத் தருவதில்லை. வரிசை முக்கியம்.

இன்னொரு விஷயம். படுத்துக்கொண்டு ஃபோனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே போவது ஓய்வு இல்லை. பத்து நிமிடத்தில் நூறு பேர் முடித்த படங்கள் கண் முன்னால் போகும். அவர்கள் கிழித்துப்போட்ட தாள்களில் ஒன்றுகூட வராது. களைத்த கண்ணுக்கு அது இன்னொரு ஷிஃப்ட் வேலை. நடங்கள், தூங்குங்கள், வரைவதோடு சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கையால் செய்யுங்கள். செடிக்கு மண் கிளறலாம், பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டலாம்.

முதுகுக்குப் பின்னால் யாரோ

1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனா கிடைத்தால் தாமாகவே உட்கார்ந்து வரைகிற குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் நாடா வைத்த ஒரு சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்ததும் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் எதுவும் தராத சாதாரண நாளில் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரண்டு குழுவைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவே இல்லை. ஆக, பரிசு கெடுக்கவில்லை, பரிசை நினைத்துக்கொண்டு வரைந்ததுதான் கெடுத்தது.

வயது வந்த ஓவியருக்கும் இந்தக் கதை நடக்கிறது. சான்றிதழுக்குப் பதிலாக லைக், கமிஷன், ஆசிரியரின் பாராட்டு. ஆரம்பத்தில் தனக்காக வரைந்தார். நாலு பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். இப்போது முதல் கோடு போடும்போதே, முடிந்த படத்தை யார் என்ன சொல்வார்கள் என்ற கணக்கு ஓடுகிறது. வரைவதற்கும் மதிப்பிடுவதற்கும் இரண்டு வேறு ஆட்கள் தேவை என்று வைத்துக்கொண்டால், மதிப்பிடுகிறவர் நேரம் கெட்ட நேரத்தில், அதாவது வேலை தொடங்கும் முன்பே, வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுவிட்டார். வரைகிறவருக்குக் கை நடுங்காமல் என்ன செய்யும்?

டியூரரின் படத்தில் பலர் கவனிக்காத ஓர் ஆள் உண்டு. அந்தப் பெண்ணின் பக்கத்தில், ஒரு திரிகைக் கல்லின் மேல் சிறகு வைத்த குழந்தை ஒன்று உட்கார்ந்து, பலகையில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறது. நல்ல கருவிகள் எல்லாம் சும்மா கிடக்க, அந்தப் படத்தில் வேலையில் மும்முரமாக இருப்பது அது மட்டும்தான்.

கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இப்போது நீங்கள் வரையப்போவதை யாரும் எப்போதும் பார்க்கப்போவதில்லை, முடித்ததும் கிழித்துவிடலாம் என்றால் கை நகர்கிறதா? 'அப்படின்னா போடலாமே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டால் உங்கள் தேக்கம் இந்த ரகம்.

என் ஏழு மாதக் கதையும் இதுதான். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு குடும்பப் படம் வரைந்து கொடுத்தேன். ஒன்பது முறை திருத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் சொன்னார், அதனால் கோபப்படவும் வழியில்லை. முடித்துக் கொடுத்தபின் எனக்கு வரையவே பிடிக்கவில்லை. களைப்பு என்று நினைத்து ஓய்வெடுத்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம். ஓய்வு நீள நீள, திரும்பி வந்து போடும் முதல் படம் இத்தனை நாள் காத்திருந்ததற்கு ஈடாக இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆறாவது மாதம் ஸ்கெட்ச்புக் இருந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஓய்வு இல்லை, அந்தப் பத்தாவது திருத்தத்தைச் சொல்லப்போகிறவரை அறையை விட்டு வெளியே அனுப்புவது.

அதற்கு உதவியது பழைய பயிற்சி ஒன்று. தாளைப் பார்க்காமல் வரைவது. இடது கையை மேஜை மேல் வைத்துக்கொண்டேன். கண்ணைக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் வைத்து, எறும்பு ஊர்கிற வேகத்தில் விளிம்போடு நகர்த்தினேன். பென்சிலும் தாளில் அதே வேகத்தில் நகர்ந்தது. விதி ஒன்றுதான்: என்ன ஆனாலும் தாளைப் பார்க்கக்கூடாது. மூட்டில் தோல் சுருங்கும் இடத்தில் கண் நின்றது, பென்சிலும் நின்று ஒரு சின்னச் சுழி போட்டது. சுண்டுவிரலை முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பார்த்தால், கட்டைவிரல் மணிக்கட்டுக்குக் கீழே தொங்குகிறது, நடுவிரல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, சுண்டுவிரல் தாளை விட்டு வெளியே போய் மேஜையில் கோடு போட்டிருக்கிறது. சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மூட்டுச் சுருக்கம் இருக்கிறதே, அதை அவ்வளவு உயிரோடு நான் எப்போதும் போட்டதில்லை. இந்தப் பயிற்சி வேலை செய்வதற்குக் காரணம், படம் கோணலாக வரும் என்று முதலிலேயே உறுதியாகிவிடுவதுதான். மதிப்பிட வந்தவருக்கு அங்கே வேலை இல்லை.

இதே தந்திரத்தை வேறு விதமாகச் செய்தவர் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த அலெக்சாண்டர் கசன்ஸ். நிலக்காட்சி வரையத் தெரிந்தும் எங்கே தொடங்குவது என்று திணறும் மாணவர்களுக்காக, 1780களில் அவர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். மலை, மரம் என்று பொத்தாம்பொதுவாக ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, மை தொட்ட பிரஷ்ஷால் தாளில் வேகமாகத் திட்டுத் திட்டாக அப்ப வேண்டும். பிறகு அதன் மேல் மெல்லிய தாள் வைத்து, திட்டுகளில் தெரிகிற பாறையையும் ஓடையையும் தேடி எடுக்க வேண்டும். வெறுந்தாளில் ஒன்றைப் படைப்பது கடினம், ஏற்கெனவே கிடக்கிற கறையில் ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிது. கறை படிந்த சுவரைப் பார்த்துக் காட்சிகளைத் தேடும்படி லியனார்டோ டா வின்சியும் தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

இவை தவிர, காட்டவே முடியாத ஒரு ஸ்கெட்ச்புக் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான தாள், இரண்டு பக்கமும் மை ஊறுகிற தாளாக இருந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த தாள் தன் பங்குக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது

இது புதியவர்களுக்கு அவ்வளவாக வராது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மேலே சொன்னதற்கெல்லாம் நேர் எதிர். கை நன்றாக ஓடுகிறது, ஓடுவதுதான் பிரச்சினை. அதே மூக்கு, அதே பக்கவாட்டு வெளிச்சம், அதே நீலம். பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கிறது. வரைகிறவருக்குக் கொட்டாவி வருகிறது.

பிலிப் கஸ்டன் 1950களில் புகழ்பெற்ற அரூப ஓவியர், அதாவது உருவம் எதுவும் இல்லாமல் வண்ணத்தாலும் கோட்டாலும் மட்டும் தீட்டியவர். அந்தப் பாணியிலேயே இருந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் 1960களின் நடுவில் வண்ணத்தை நிறுத்திவிட்டார். ஏறத்தாழ இரண்டு வருடம் கோட்டோவியம் மட்டும். சில தாள்களில் ஓரிரு கோடுகள்தான் இருக்கும். அப்புறம் சின்னச் சின்னப் பலகைகளில் சுற்றியிருந்த சாமான்களை வரைந்தார்: புத்தகம், செருப்பு, கடிகாரம், செங்கல். 1970ல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தபோது, கார்ட்டூன் மாதிரியான தடித்த உருவங்களைப் பார்த்து விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவு வருவது அந்தப் படங்கள்தான். இதில் நான் எடுத்துக்கொள்வது அந்தப் பின்னால் வந்த பெருமையை அல்ல, நடுவிலிருந்த இரண்டு வருடத்தை. அரிச்சுவடிக்குத் திரும்பிப்போய் ஒரு கோட்டிலிருந்து ஆரம்பித்த துணிச்சலை.

இந்த ரகத்துக்குக் கருவியை மாற்றுவது நல்ல வழி. பென்சில்காரர் சார்கோலுக்கு, அதாவது கரித்துண்டுக்குப் போகலாம், டேப்லெட்டில் வரைகிறவர் ஒரு வாரம் பேனாவால் வரையலாம். போட்டதை ஒரு தட்டில் திரும்ப எடுக்கும் அன்டூ இல்லாத உலகத்தில் கோடு போடும்போது மூச்சே வேறு மாதிரி வரும். ஹென்றி மத்தீஸ் 1941ல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நின்று வரைய முடியாமல், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரியால் வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். அவருக்கு அது விருப்பமல்ல, கட்டாயம். ஆனால் 1954ல் இறக்கும் வரை அந்தக் கத்தரி வேலையில் அவர் கண்டுபிடித்ததைப் பார்த்தால், கட்டாயத்தை நாமே கொஞ்சம் உருவாக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. இரண்டே நிறம், வளைகோடே கிடையாது, பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், இப்படி. பிக்காசோ ஒருபடி மேலே போய், 1935ல் ஓவியத்தையே சில மாதம் தள்ளி வைத்துவிட்டுக் கவிதை எழுதினார். அந்தக் கவிதைகள் எப்படி என்பது வேறு கதை.

கடைக்குப் போய்ப் புதுக் கருவிகளாக வாங்கிக் குவிப்பதை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். கருவி மாற்றம் வேறு, ஷாப்பிங் வேறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். பிரிக்காத வாட்டர்கலர் பெட்டி இன்னும் இருக்கிறது.

படத்தில் இல்லாத காரணம்

சில நேரம் காரணம் ஓவியத்திலேயே இருக்காது. கிளாட் மோனே 1911ல் மனைவியை இழந்தார். அதன்பின் நீண்ட காலம் வேலை ஓடவில்லை. 1912ல் கண்புரை இருப்பது தெரிந்தது. வண்ணங்கள் மங்கி, பழுப்பேறித் தெரிய ஆரம்பித்தன. 1923ல்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். துக்கத்தையும் புரையையும் எந்தப் பயிற்சியும் தீர்த்திருக்காது. கண், கழுத்து, மணிக்கட்டு வலிக்கிறதா, தூக்கம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வரைவதில் மட்டுமல்லாமல் முன்பு பிடித்த எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுப்போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால், அதை ஆர்ட் பிளாக் என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். ஓவியம் எங்கேயும் ஓடிவிடாது.

மறுபடி உட்காரும்போது

எந்த ரகமானாலும் திரும்பி வரும் முதல் சில நாட்களில் பெரிதாக ஒன்றும் திட்டமிட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்து, எதிரே இருக்கிற பொருளை வரையுங்கள். அலாரம் அடித்ததும் எழுந்துவிடுங்கள், நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும்கூட. பாதியில் நிற்கிற படம் மறுநாள் கூப்பிடும். முடித்து வைத்த படம் கூப்பிடுவதில்லை; அடுத்த வெறுந்தாள்தான் எதிரே நிற்கும்.

என்ன வரைவது என்று அன்றன்றைக்கு யோசிக்காமலிருக்க, ஒரே பொருளை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது ஒரு செருப்பு. முதல் நாள் செருப்பு மாதிரி வந்தது. இரண்டாம் நாள் அலுத்தது. மூன்றாம் நாள் வார் தேய்ந்து ஒரு பக்கமாக வளைந்திருப்பதைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் வாரை மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக வரைந்துகொண்டிருந்தேன். செருப்பில் பார்ப்பதற்கு இவ்வளவு இருக்கும் என்று முதல் நாள் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

தேக்கம் விலகுகிறது என்பதற்கு முதல் நல்ல படத்தை அடையாளமாக எதிர்பார்க்காதீர்கள், அது தாமதமாகத்தான் வரும். அதற்கு முன்பே வேறொன்று நடக்கும். எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள். முன்னால் நிற்கிறவரின் காது மடல் கழுத்தோடு சேரும் வளைவைக் கண் தானாகப் பின்தொடரும். ஆள்காட்டி விரல் தொடையில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும், உங்களைக் கேட்காமலே. அந்த நேரம் பையில் ஒரு பேனா இருந்தால் போதும். தாளுக்கு ரசீதின் பின்பக்கம் இருக்கிறது.